ஆற்றில் மீன்குஞ்சு விட்டால் போதுமா?

 

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி சுற்றியது. ஆற்றங்கரையில் பந்தல், மைக், மாலை. பெரியவர்கள் வரிசையாக நின்று வாளியிலிருந்து மீன்குஞ்சுகளை ஆற்றில் கவிழ்க்கிறார்கள். இத்தனை லட்சம் குஞ்சு என்று பின்னால் பேனர். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். என் அண்ணன் மகன் மட்டும், "அத்தை, நீங்க விலங்கியல் டீச்சராச்சே, இது நல்லதுதானே?" என்று கேட்டிருந்தான். "நல்லதுதான், ஆனால்" என்று ஆரம்பித்தேன். அந்த "ஆனால்" ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே வந்துவிட்டேன். நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (கடைசி மணி அடிக்கிறவரை விஷயத்துக்கு வராதவர் என்று என்னைக் கிண்டல் செய்த 1996 செட் கவனிக்கவும்.) குளத்துக்கும் பண்ணைக்கும் மீன்குஞ்சு பொரிப்பகம் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆற்றில் மீன் குறைந்துபோனதற்குப் பரிகாரம் என்று குஞ்சு விடுவதை மட்டும் காட்டி, ஆற்றைப் பற்றிய பேச்சை அத்தோடு முடித்துவிடுவது சரியில்லை. இதை நான் சொன்னால், ரிட்டையரான டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்பீர்கள். அதனால் வாழ்நாள் முழுக்கக் குஞ்சு பொரித்த ஒரு மனிதரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அவர் பெயர் லிவிங்ஸ்டன் ஸ்டோன். அமெரிக்கர். 1836-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் 1857-இல் பட்டம் வாங்கினார். பிறகு சமயக் கல்வி படித்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சார்ல்ஸ்டவுன் என்ற ஊரில் யூனிடேரியன் சபையின் போதகரானார். உடம்பு சரியில்லாமல் போகவே, வெளியில் காற்றாட வேலை செய்வது நல்லது என்று அந்தப் பதவியை விட்டார். விட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஊற்றுத் தண்ணீர் வரும் இடத்தில் குட்டை வெட்டி டிரவுட் மீன் வளர்த்தார். அந்தக் காலத்து மாமனார் மாமியார் என்ன சொல்லியிருப்பார்களோ! நம் வீடுகளில் இன்றைக்கும் "மீன் வளர்க்கப் போறேன்" என்று ஒரு பட்டதாரி சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களில் சிலருக்கும் தெரியும்.

1870-இல் அமெரிக்காவில் மீன் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஸ்டோனும் ஒருவர். அமெரிக்க மீன்வளச் சங்கம் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. அடுத்த வருஷமே அரசாங்கம் ஒரு மீன் ஆணையம் அமைத்து, ஸ்பென்சர் பேர்டு என்ற விஞ்ஞானியைத் தலைவராக்கியது. கிழக்குக் கடற்கரை ஆறுகளில் அணை கட்டி, ஆலைக்கழிவு விட்டு, சால்மன் மீனை ஒழித்திருந்தார்கள். மேற்கே கலிபோர்னியாவில் சால்மன் நிறைய இருக்கிறது, அங்கேயிருந்து முட்டை கொண்டுவந்து இங்கே நிரப்பலாம் என்று திட்டம். அந்த வேலைக்கு 1872-இல் ஸ்டோனை அனுப்பினார்கள்.

கலிபோர்னியாவில் போய் இறங்கினால், சால்மன் எங்கே முட்டையிடுகிறது என்று சொல்ல ஆளில்லை. எல்லோரும் தின்றிருக்கிறார்கள், யாரும் பார்த்ததில்லை. கடைசியில் ரயில்பாதைக்கு அளவெடுக்கப் போயிருந்த ஒரு பொறியாளர், மெக்லவுட் ஆற்றில் பழங்குடி மக்கள் மீனை ஈட்டியால் குத்திப் பிடிப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த ஆற்றங்கரைக்குப் போய் ஸ்டோன் ஒரு நிலையம் அமைத்தார். அமெரிக்காவின் மத்திய அரசு சால்மனுக்காக நடத்திய முதல் பொரிப்பகம் அதுதான். தலைவர் பெயரையே வைத்து அதற்கு பேர்டு நிலையம் என்றார்கள்.

அந்த ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள் வின்னமெம் வின்டு என்ற மக்கள். வெள்ளைக்காரன் வந்து கூடாரம் அடித்ததும் திரண்டு வந்து எதிர்த்தார்கள். எங்கள் மீன், எங்கள் ஆறு, நீ யார் என்று கேட்டார்கள். ஸ்டோன் சொன்ன சமாதானம்: எனக்கு முட்டை மட்டும் போதும், முட்டை எடுத்தபின் மீன் உங்களுக்கே. சினூக் என்ற அந்தச் சால்மன் இனம் முட்டையிட்டதும் எப்படியும் செத்துவிடும் என்பதால் அது நடைமுறைக்கு ஒத்துவந்தது. போகப்போக அந்த மக்களே நிலையத்தில் வேலை பார்த்தார்கள். அவர்களின் நிலத்தைப் பறிப்பது அநியாயம் என்று ஸ்டோன் தம் அறிக்கைகளில் எழுதவும் செய்தார். அந்தக் காலத்து அரசு அலுவலர் ஒருவர் அப்படி எழுதியது பெரிய விஷயம். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மக்களுக்கு ஆற்றின்மேல் இருந்த உரிமையை அரசாங்கத்தின் பெயரால் மெல்லத் தளர்த்திய வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. நல்லவர் என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். என் வகுப்பில் கருவுறுதல் பாடம் தூக்கம் வருகிறது என்றவர்கள் இதைப் படிக்கலாம்.

ஒரு தாய் சினூக்கில் நாலாயிரம் ஐயாயிரம் முட்டை இருக்கும். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, ஆரஞ்சு நிறம். மீனைப் பிடித்து, வயிற்றை மெதுவாக நீவி, காய்ந்த பாத்திரத்தில் முட்டையை வாங்க வேண்டும். அதன்மேல் ஆண் மீனின் விந்து. கலந்தபிறகுதான் தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றினால் முட்டை உடனே உப்பி அதன் வாசல் மூடிக்கொள்ளும், விந்தணு உள்ளே போகாது. பிறகு முட்டைகளைத் தட்டுகளில் பரப்பி, குளிர்ந்த ஆற்றுநீரை அவற்றின்மேல் ஓடவிட்டு, வாரக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும் என்பதால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். லட்சக்கணக்கான முட்டைகளில், கையால். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரிகிற பருவம் வந்துவிட்டால் அது கொஞ்சம் அதிர்ச்சி தாங்கும். அப்போது ஈரப் பாசியில் அடுக்கி, பெட்டியில் வைத்து, சுற்றிலும் வைக்கோலும் பனிக்கட்டியும் வைத்து ரயிலேற்றுவார்கள்.

முதல் வருஷம் அவர்கள் போய்ச் சேரும்போதே பருவம் முடிகிற நேரம். ஐம்பதாயிரம் முட்டை அளவில்தான் கிடைத்தது. கொளுத்தும் வெயிலில் அதிலும் பெரும்பகுதி போய்விட்டது. நாட்டின் மறுகரைக்குப் போய்ப் பொரித்துப் பிழைத்தவை சொற்பம். ஸ்டோன் அசரவில்லை. இரண்டு வருஷத்தில் ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பு கட்டி மீனை நிறுத்தினார், லட்சக்கணக்கில் முட்டை எடுத்தார்.

நடுவில் ஒரு ரயில் கதை உண்டு. 1873 ஜூனில், கிழக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு உயிருள்ள மீன்களைக் கொண்டுபோக ஒரு ரயில் பெட்டியையே தண்ணீர்த் தொட்டிகளால் நிரப்பிக் கிளம்பினார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றுப் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்தது. மீன் பெட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. ஸ்டோனும் உதவியாளர்களும் உயிர் தப்பினார்கள். நாமாக இருந்தால் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஊர் திரும்பியிருப்போம். அவர் திரும்பிப் போய், ஹட்சன் ஆற்றின் ஷாட் மீன்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். அடுத்த மாதமே 35,000 குஞ்சுகளைச் சாக்ரமென்டோ ஆற்றில் விட்டார். ஏழெட்டு நாள் பயணம். தண்ணீர் மாற்றிக்கொண்டே, பனிக்கட்டி போட்டுக்கொண்டே, ராப்பகலாகக் கண்விழித்து. (ஷாட் என்பது நம் உல்லம் மீனுக்கு நெருங்கிய சொந்தம். உல்லத்தை வெள்ளைக்காரர்கள் இந்திய ஷாட் என்றே எழுதினார்கள். உல்லம் பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.)

இதைப் படிக்கும்போது எனக்கு நம் பள்ளியில் படித்த ஒருவரின் நினைவு வரும். டெல்டாவில் ஒரு மீன்விதைப் பண்ணையை நடத்துகிறார். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். ஒரு ஆடி மாதம் அவர் பண்ணையில் ஓர் இரவு இருந்து பார்த்தேன். சாயங்காலம் சினைமீன் தேர்வு. வயிறு மெத்தென்று இருக்கிற பெண் கட்லா, ரோகு. லேசாக அழுத்தினால் பால் போல வருகிற ஆண். இரண்டுக்கும் ஹார்மோன் ஊசி. வட்டத் தொட்டியில் விட்டுத் தண்ணீரைச் சுழலவிட்டால், வெள்ளம் வந்த ஆறு என்று மீன் நம்புகிறது. நடுராத்திரிக்கு மேல் முட்டையிடும். தண்ணீர் குடித்து உப்பியதும் முட்டை ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். பதினைந்து பதினெட்டு மணி நேரத்தில் பொரித்துவிடும். அதுவரை சுழற்சி நிற்கக் கூடாது. நின்றால் முட்டை அடியில் குவிந்து மூச்சடைத்துப் போகும். அன்றைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கிறவரைக்கும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இவர் அப்படி நின்றதில்லை.

நம் நாட்டில் இந்த ஊசி வித்தை 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கூட்டாளிகளும் செய்து காட்டியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாள் என்று கொண்டாடுகிறோம். அதற்கு முன் குளத்தில் விடக் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டி அள்ள வேண்டும். எந்தக் குஞ்சு எந்த மீன் என்று தெரியாது, கொன்று தின்கிற மீனின் குஞ்சும் சேர்ந்து வரும். இன்றைக்கு சந்தையில் கிலோக்கணக்கில் கட்லா ரோகு கிடைக்கிறது என்றால் அது இந்தப் பண்ணைக்காரர்களின் தூக்கம்தான். அதனால்தான் குளத்துக்குப் பொரிப்பகம் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

ஸ்டோன் கதைக்கு வருகிறேன். இதுவரை சொன்னது ஒரு உழைப்பாளியின் கதை. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவரை நான் சாட்சிக்கு அழைத்தது இனி வரும் பகுதிக்காக.

அவருடைய மேலதிகாரி பேர்டுக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. செயற்கையாகப் பொரித்து விட்டுக்கொண்டே இருந்தால், மீன்பிடிக்குக் கட்டுப்பாடு, சட்டம் எதுவும் பெரிதாகத் தேவைப்படாது என்று நினைத்தார். மீன் டப்பா ஆலைக்காரர்களுக்கு இது பாயசம் சாப்பிட்ட மாதிரி. ஒரேகான் மாநிலத்தில் அவர்கள் பணம் போட்டார்கள், ஸ்டோன் 1877-இல் அங்கே கிளாக்கமஸ் ஆற்றில் இன்னொரு பொரிப்பகம் அமைத்துக் கொடுத்தார். மீன் பிடிக்கிறவன் பிடித்துக்கொண்டே இருக்கலாம், பொரிக்கிறவர் பொரித்துக்கொண்டே இருப்பார். எல்லோருக்கும் வசதி. பேனரில் லட்சம் லட்சமாக எண் போடலாம்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவர் ஸ்டோன்தான். எத்தனை குஞ்சு விட்டோம் என்பதோடு, எத்தனை மீன் திரும்பி வருகிறது என்பதும் அவர் கண்முன் நடந்தது. மேலே தங்கச் சுரங்கக்காரர்கள் மலையைத் தண்ணீரடித்துக் கரைத்து ஆறுகளில் சேறாக விட்டார்கள். கீழே வலைக்காரர்கள். 1883 வாக்கில் சாக்ரமென்டோ ஆற்றை ஒட்டி ரயில்பாதை போட வெடி வைத்தார்கள், மெக்லவுடுக்கு ஏறி வருகிற மீன் சட்டென்று குறைந்தது. பேர்டு நிலையத்தையே சில வருஷம் நிறுத்திவைத்தார்கள். தட்டும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், பாசியும் பனிக்கட்டியும் இருக்கின்றன. மீன் வரவில்லை.

1889-இல் அலாஸ்காவுக்கு ஆய்வுக்குப் போனார். அங்கே ஆறுகள் இன்னும் கெடாமல் இருந்தன. அதேசமயம் ஆலைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1892-இல் அந்த மீன்வளச் சங்கக் கூட்டத்தில் எழுந்து அவர் ஓர் உரை நிகழ்த்தினார். சாரத்தை மட்டும் சொல்கிறேன். காட்டெருமைக்கு நேர்ந்தது சால்மனுக்கும் நேரப்போகிறது. மனிதன் போகிற இடமெல்லாம் ஆலை, அணை, சுரங்கம், மரவெட்டு, ரயில் என்று ஆறு கெடுகிறது. எஞ்சிய ஒரு நல்ல ஆற்றையாவது யாரும் தொடாதபடி மீனுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். தேசியப் பூங்கா மாதிரி, சால்மனுக்கு ஒரு பூங்கா.

இருபது வருஷம் குஞ்சு பொரித்தவர், இன்னும் பத்துப் பொரிப்பகம் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதவியும் வந்திருக்கும், பட்ஜெட்டும் வந்திருக்கும். தன் துறைக்கு ஆதாயம் வருகிற பேச்சை விட்டு, ஆற்றைக் காப்பாற்றுங்கள் என்று தன் சக தொழில்காரர்கள் கூடியிருந்த சபையிலேயே பேசினார் பாருங்கள், அதற்காகத்தான் அவர்மேல் எனக்கு மரியாதை. அதே வருஷ டிசம்பரில் ஜனாதிபதி ஹாரிசன், அலாஸ்காவில் அஃபோக்நாக் தீவைக் காப்பிடமாக அறிவித்தார். ஒரு மீன் பண்ணை மேலாளர் கேட்டு, ஒரு தீவே ஒதுக்கப்பட்டது! ஸ்டோன் அதன்பிறகும் பொரிப்பகத்தை விட்டுவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கேப் வின்சென்ட் என்ற இடத்துப் பொரிப்பகத்தை வயதான காலத்தில் நடத்தினார். 1912-இல் காலமானார்.

பிறகு நடந்தது கதையின் கசப்பான பகுதி. 1938-இல் தொடங்கி 1945-இல் சாக்ரமென்டோவின் குறுக்கே ஷாஸ்டா அணை கட்டி முடித்தார்கள். பேர்டு நிலையம் இருந்த இடமும், வின்னமெம் மக்களின் ஊர்களும் இன்று அந்த ஏரிக்கு அடியில். கடலிலிருந்து ஏறி வரும் சால்மனுக்கு மெக்லவுட் ஆறு ஒரேயடியாக மூடப்பட்டது. ஈடாக என்ன செய்தார்கள்? சரியாகச் சொன்னீர்கள், அணைக்குக் கீழே ஒரு பொரிப்பகம் கட்டினார்கள்.

குளிர்காலத்தில் ஆறேறி வந்து, மலைக்குளிர்ந்த நீரில் கோடையில் முட்டையிடும் ஒரு சினூக் கூட்டம் அங்கே இருந்தது. மேலே போக வழியில்லாமல், அணைக்குக் கீழே வெயில் பள்ளத்தாக்கில் முட்டையிடும் நிலை அதற்கு வந்தது. 1994-இல் அதை அழியும் இனம் என்று அறிவித்தார்கள். அதைக் காப்பாற்ற 1990களின் கடைசியில் அணையின் காலடியிலேயே புதிதாக ஒரு பொரிப்பகம் கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? லிவிங்ஸ்டன் ஸ்டோன் தேசிய மீன் பொரிப்பகம். ஆற்றை விட்டுவையுங்கள் என்று கேட்டவரின் பெயரை, ஆற்றை மறித்த சுவரின் அடியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கௌரவம்தான். வேறென்ன சொல்வது?

2014 வறட்சியில் அணையில் குளிர்ந்த நீர் தீர்ந்துபோய், வெதுவெதுப்பான தண்ணீர் ஆற்றில் வந்தது. அந்த வருஷம் ஆற்றில் இட்ட முட்டைகளிலும் குஞ்சுகளிலும் ஏறத்தாழ 95 சதவீதம் செத்தன. அடுத்த வருஷமும் அதே கதை. அந்த இரண்டு வருஷமும் அந்தப் பொரிப்பகம் இல்லையென்றால் அந்த இனமே போயிருக்கலாம். நான் பொரிப்பகத்துக்கு எதிரி இல்லை என்பதற்கு இதுவும் சாட்சி. வெண்டிலேட்டர் வேண்டாம் என்று யார் சொல்வார்? வெண்டிலேட்டரில் இருக்கிறவரைப் பார்த்து, நல்லாத்தானே மூச்சு விடுகிறார் என்று வீட்டுக்குக் கிளம்புகிற டாக்டரைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு. 1900களின் தொடக்கத்தில் பேர்டு நிலையத்தின் முட்டைகள் கப்பலேறி நியூசிலாந்து போய், அங்கே ஆறுகளில் சினூக் நிலைத்துவிட்டது. அணையில்லாத ஆறு கிடைத்ததும் யாரும் பொரித்து ஊட்டாமல் தானே ஏறி, தானே முட்டையிட்டுப் பெருகியது. 2010-இல் வின்னமெம் மக்கள் நியூசிலாந்து போய், அந்த மீனின் சந்ததியைப் பார்த்து, எங்களால் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று ஆற்றங்கரையில் சடங்கு செய்து மன்னிப்புக் கேட்டார்கள். 2022 ஜூலையில், ஸ்டோன் பெயர் தாங்கிய அந்தப் பொரிப்பகத்திலிருந்து 20,000 அளவில் முட்டைகளை மெக்லவுட் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். எண்பது வருஷத்துக்குப் பிறகு அங்கே குளிர்காலச் சினூக் பொரித்தது. ஆனால் அந்தக் குஞ்சுகள் கடலுக்குப் போக வழி? இறங்கும்போது பொறி வைத்துப் பிடித்து, லாரியில் ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். இன்னும் சுவர் அங்கேதான் நிற்கிறது.

சரி, இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் டீச்சர் என்கிறீர்களா? உல்லத்தை மறக்க வேண்டாம் என்றேனே.

உல்லமும் சால்மனைப் போலக் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிற மீன். வங்காளிகள் ஹில்சா என்று உயிரை விடுகிறார்களே, அதுதான். எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி கொள்ளிடக் கரைக்காரி. தண்ணீர் வந்ததும் உல்லம் ஏறும், முள் நிறைய, ருசி அதைவிட நிறைய என்பார். 1830களில் கொள்ளிடத்தில் கீழணை வந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. காவிரியில் உல்லம் ஏறியது இந்தத் தடுப்புகளால் அற்றுப்போனதை மீன்வள நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. சென்னை மாகாண அரசின் மீன்வள வல்லுநர் எச். சி. வில்சன், நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் ஏற்படுத்தியவர், 1909 வாக்கில் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பொரிக்கவைக்கும் முயற்சியையும் மேற்கொண்டார். டிரவுட் இன்றும் அவலாஞ்சியில் பொரிக்கிறது. உல்லம் கொள்ளிடத்தில் மீளவில்லை. கங்கையிலும் இதே கதை. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின், ஒரு காலத்தில் அலகாபாத் வரை போன ஹில்சா மேலே ஏற முடியாமல் போய், இப்போது மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிறுவனத்தார் தடுப்பணைக்கு மேல்பக்கம் மீனைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அணையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மேட்டூர் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். கல்லணையைத் திட்டினால் என் பாட்டி கனவில் வந்து உதைப்பார். அணையும் வேண்டும், மீனும் வேண்டும் என்றால், அணை கட்டுகிற இடத்தில் மீனைப் பற்றி யோசிக்கிற ஒருவர் உட்கார வேண்டும் என்கிறேன். அந்த நாற்காலியில் அவர் இல்லாமல், எல்லாம் கட்டி முடித்தபின் வாளியோடு கூப்பிடுகிறோம்.

பண்ணை நடத்தும் நம் மாணவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது எளிமையானது. "டீச்சர், எனக்கு இலக்கு குஞ்சுக் கணக்கில்தான் தருகிறார்கள். விட்ட குஞ்சு பிழைத்ததா என்று யாரும் கேட்டதில்லை. குளத்துக்காரர் கேட்பார், எட்டு மாசம் கழித்து வந்து சண்டை போடுவார். ஆறு வந்து சண்டை போடாதே." அதோடு இன்னொன்றும் சொன்னார். ஒரே பண்ணையின் ஒரே சினைமீன் கூட்டத்திலிருந்து வருஷாவருஷம் எடுத்தால் மாமன் மகள் அத்தை மகன் கல்யாணம் போல ரத்தம் நெருங்கிக்கொண்டே போய், குஞ்சு சோனியாகிவிடும். அதனால் ஆற்றில் விடுகிற குஞ்சுக்கு அந்த ஆற்றிலேயே பிடித்த சினைமீன் வேண்டும். ஆற்றில் சினைமீன் இல்லையென்றால் பொரிப்பகத்துக்கும் முதல் இல்லை. ஸ்டோன் 1883-இல் காலித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தாரே, அந்த நிலைமை.

அதனால் பிள்ளைகளே, அடுத்த முறை அந்த மாதிரி விழா உங்கள் ஊரில் நடந்தால் போய் வாருங்கள், கைதட்டுங்கள், தவறில்லை. வந்திருக்கும் அதிகாரியிடம் மரியாதையாகச் சில கேள்வி கேளுங்கள். இந்தக் குஞ்சுகளின் தாய்மீன் எந்த ஆற்றுடையது? போன வருஷம் விட்டதில் எவ்வளவு வலையில் வந்தது, யாராவது எண்ணினார்களா? கோடையில் இந்த இடத்தில் மடுவிலாவது தண்ணீர் நிற்குமா, இல்லை மணல் அள்ளி முடித்தாயிற்றா? முட்டையிடும் மாதங்களில் இந்தப் பகுதியில் வலை வீசாமல் இருக்க ஏற்பாடு உண்டா? மேலே கட்டப்போகும் கதவணையில் மீன் ஏற வழி வைத்திருக்கிறார்களா? பந்தலின் ஓரத்தில் நனைந்த லுங்கியோடு வாளி எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அதிகாரிக்குப் பதில் தெரியவில்லையென்றால் அவரைக் கேளுங்கள். அவர்தான் பண்ணைக்காரர், அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீர்வளத் துறையில் நம் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். மீனேறும் வழிக்கு ஒரு கதவணையில் எவ்வளவு கூடுதல் செலவாகும், வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். அண்ணன் மகனே, குடும்பக் குழுவில் அந்தக் காணொளிக்குக் கீழே இந்தப் பதிவின் இணைப்பைப் போட்டுவிடு. எனக்கு அதை எப்படிப் போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை.